முப்பது பேருக்கு மட்டும்

இப்போதெல்லாம் இலங்கை மலைநாட்டில் போனைத் தூக்கியவர்கள் எல்லோரும் சேனல் வைத்திருக்கிறார்கள். மூடுபனியைக் காட்டுவார்கள், கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு பாட்டுக்கு ஆடுவார்கள், ரொட்டியையும் சம்பலையும் தின்றுகொண்டே ‘மறக்காம சப்ஸ்கிரைப் பண்ணுங்க’ என்பார்கள். லட்சம் பேர் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அவர்களுக்குத் தூக்கம் வராது. நான் சொல்லப்போகும் அக்கா அந்த ரகமில்லை. அவளுக்கு முப்பது பேர் போதும். முப்பது பேரும் பெண்கள். எங்கள் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனவர்கள். மாதம் பிறந்தால் எல்லோரிடமிருந்தும் அவளுக்குக் காசு போய்விடும். ஒருத்தியும் தவறியதில்லை. நானும் தவறியதில்லை.

பெயரைச் சொல்ல மாட்டேன். இன்னும் அந்தத் தோட்டத்தில்தான் இருக்கிறாள், இன்னும் அவளை நம்பி ஆட்கள் இருக்கிறார்கள். வயதில் மூத்தவள், போனில் ‘நீங்க’ என்றுதான் பேசுவேன். எழுதும்போது மட்டும் அந்த மரியாதை என் கைக்கு வர மாட்டேன் என்கிறது. அவளை நேரில் பார்த்துப் பல வருஷமாகிறது. ஆனால் அவள் குரலைக் கேட்காத ஞாயிற்றுக்கிழமை எனக்கு இரண்டே இரண்டுதான்.

வீடியோவெல்லாம் வருவதற்கு முன் அவள் எங்களுக்குப் பிள்ளைமடுவத்து அக்கா. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம்தான் பிள்ளைமடுவம். அங்கே ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தால் மற்றதும் சேர்ந்துகொள்ளும், சத்தம் மேல் மலை வரைக்கும் வரும். நாங்கள் கொழுந்து கிள்ளிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்போம். ஆனால் சாயங்காலம் பிள்ளையைத் தூக்கப் போனால், “அழவே இல்லங்க, சிரிச்சுக்கிட்டே கெடந்துச்சு” என்பாள். முகத்தில் ஒரு சுருக்கம் இருக்காது. அழுதது எங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் அதைக் கேட்டதும் நாள் முழுக்கக் குனிந்து நின்ற இடுப்பு வலி பாதி குறைந்துவிடும். சும்மா சொல்லக்கூடாது, அந்த வார்த்தைக்காகவே சில பேர் அவளிடம் திரும்பத் திரும்பக் கேட்பார்கள்.

என் அண்ணன் மகன் ஒரு நாள் அங்கே வாங்குப் பலகையிலிருந்து விழுந்துவிட்டான். நெற்றியில் நல்ல வீக்கம். அக்கா என்ன செய்தாள் தெரியுமா? முகத்தைக் கழுவி, பவுடர் போட்டு, வீக்கத்துக்கு மேலேயே வட்டமாக ஒரு கறுப்புப் பொட்டு வைத்து, முடியை முன்னால் இழுத்துச் சீவிக் கொடுத்தனுப்பினாள். அண்ணிக்குப் பிள்ளை ராஜா மாதிரி இருக்கிறானே என்று சந்தோஷம். வீட்டில் குளிப்பாட்டும்போதுதான் விஷயம் தெரிந்தது. கொதித்துப்போய் சண்டைக்குக் கிளம்பினாள், நானும் கூடப் போனேன்.

“மலையில நிக்கிறப்போ சொல்லி அனுப்பியிருந்தா நீ என்னா பண்ணியிருப்ப?” என்று கேட்டாள் அக்கா. “கூடயப் போட்டுட்டு ஓடி வந்திருப்ப. கங்காணி அரைநாள் சம்பளம்தான் எழுதியிருப்பாரு. புள்ளைக்கு நான் ஒத்தடம் குடுத்துட்டேன், நல்லா வெளையாடுறான். ஒனக்கு சொல்லி என்னா ஆகப் போகுது?”

அண்ணி வந்த வழியே நடக்க ஆரம்பித்தாள். திரும்பி வரும்போது, “அதுவும் சரிதான்” என்றாள். எனக்கும் சரி என்றுதான் பட்டது. அந்த வயிற்றெரிச்சலை என்னத்தச் சொல்ல.

பிறகு நான் குவைத்துக்கு வந்தேன். வீட்டில் அம்மா, அண்ணன், அண்ணி, அந்தப் பையன். எனக்கு ஒரு கல்யாணம் அமைந்து, உடைந்தும் போயிருந்தது. அம்மாவுக்குக் காது மந்தம். தேயிலைத் தொழிற்சாலையில் மெசின் பக்கத்தில் நின்று நின்று வந்த வினை. போனைக் காதில் வைத்தால் “ஆங்? யாரு? ஆங்?” என்பாள், பிறகு அழ ஆரம்பித்துவிடுவாள். அதனால் அண்ணன்தான் பேசுவான். “அம்மா நல்லா இருக்கு.” அவ்வளவுதான். நல்லா இருக்கு என்றால் எப்படி நல்லா இருக்கு, என்ன சாப்பிட்டது, இருமல் விட்டதா, ஒன்றும் சொல்லத் தெரியாது அவனுக்கு. ஆம்பிளைகளிடம் அதற்கு மேல் எதிர்பார்த்தால் நம் தப்பு.

இங்கே வந்த புதிதில் நான் பைத்தியம் பிடிக்காமல் இருந்ததே பெரிய விஷயம். அப்போதுதான் எங்கள் தோட்டத்துப் பெண் ஒருத்தி, ரியாத்தில் இருப்பவள், அக்காவைப் பற்றிச் சொன்னாள். பிள்ளைமடுவ வேலை போய்விட்டதாம். புருஷன் கொழும்புக்குப் போனவன் போனவன்தான். இந்த ரியாத்துக்காரியின் குழந்தையை அக்கா ஒரு நாள் போனில் வீடியோ எடுத்து அனுப்பியிருக்கிறாள், அதற்கு இவள் கொஞ்சம் காசு கொடுத்திருக்கிறாள். அதைப் பார்த்து இன்னொருத்தி, பிறகு இன்னொருத்தி. “நீயும் சேந்துக்கடி. வீட்டுக்கே போயிட்டு வந்த மாதிரி இருக்கும்” என்றாள்.

சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை முதல் வீடியோ வந்தது.

நான் வேலை செய்யும் வீட்டு மெடம் வாரத்தில் இரண்டொரு தடவை கொஞ்ச நேரம் போனைக் கொடுப்பாள். குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு பார்த்தேன். வீடு தெரியும் என்று நினைத்தேன், தெரியவில்லை. பஸ் நிற்கும் இடம் தெரிந்தது. அக்காவின் குரல் மட்டும் கேட்டது: “எறங்கியாச்சா? பைய எடுத்துக்க. பாத வழுக்குது, பாத்து வா.” படம் மெல்ல மெல்ல நடந்தது. “இந்தா கோயில், கும்புட்டுக்க. இந்தா பீலி, தண்ணி ஜில்லுனு வருது, கால் கழுவிக்க.” எங்கள் வரிசை வீடுகளின், லயத்தின், நாய் வாலை ஆட்டிக்கொண்டு என்னைப் பார்த்தது. பிறகு எங்கள் வாசல், இஸ்தோப்புத் திண்ணை, அதில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா.

“இந்தக் கருமத்த எதுக்கு மூஞ்சிக்கு நேர நீட்டுற?” என்றாள் அம்மா.

“ஒங்க மக பாக்குதும்மா!” என்று அக்கா அவள் காதில் கத்தினாள்.

அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். போனுக்குள் எட்டிப் பார்த்தாள். “சாப்ட்டியா தாயி?” என்றாள். குளியலறைச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு அன்றைக்கு நான் அழுத அழுகையை என் வாழ்நாளில் அழுததில்லை. அப்படிப்பட்ட ஒருத்திக்கு மாதாமாதம் காசு அனுப்புவது ஒரு பாரமா? சம்பளத்தில் முதலில் அவளுக்குத்தான் எடுத்து வைப்பேன்.

அதை வைத்துத்தான் அவள் வாழ்ந்தாள். விடியற்காலையில் பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போகாமல், மலை ஏறாமல், யாரிடமும் பேச்சு வாங்காமல் எங்கள் தோட்டத்தில் வாழ்ந்த ஒரே பெண் அவள்தான். யாரோ படித்த பையன், “அக்கா, இத எல்லாருக்கும் போடுங்க, பெரிய சேனலாயிரும்” என்று சொன்னானாம். “ஊருக்கெல்லாம் படம் காட்டவா? என் புள்ளைங்க முப்பது பேரு பாத்தா போதும். முப்பது பேரு மூஞ்சியும் எனக்கு மனப்பாடம். லட்சம் பேர எப்புடி நான் பாத்துக்குறது?” என்று கேட்டாளாம். எங்கள் முப்பது பேருக்கென்று இருந்த வாட்ஸ்அப் குரூப்பில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள், எங்களுக்குப் பெருமையாக இருந்தது.

குரூப்பில் நாங்கள் பேச்சு மட்டும்தான் பேசிக்கொள்வோம். வீடியோவை ஞாயிறு தோறும் அவரவருக்குத் தனியாக அனுப்புவாள். ஒருத்தி வீட்டை இன்னொருத்தி பார்க்கக் கூடாது, யாருக்கும் அனுப்பவும் கூடாது. கண் படுமாம். இதில் மட்டும் அவள் பொல்லாதவள்.

போகப்போக வீடியோக்கள் அழகாகிக்கொண்டே வந்தன. அம்மா சுத்தமான சேலையில் இருப்பாள். காய்ச்சல்காரப் பிள்ளை நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கும். குடிகாரப் புருஷன்மாரைக் காலையிலேயே, தெளிவாக இருக்கும்போதே எடுத்துவிடுவாள். ஒருத்தன் தன் பெண்டாட்டிக்கு, “நீ நல்லா இரு, நான் புள்ளைகளப் பாத்துக்குறேன்” என்று சொன்னதைக் கேட்டு அவள் குரூப்பில் விக்கி விக்கி அழுதாள். அவன் அப்படிப் பேசக்கூடிய ஆளே இல்லை என்பது எங்கள் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அக்காதான் சொல்லிக்கொடுத்திருப்பாள். தெரிந்தும் நாங்கள் கையைத் தட்டினோம். எங்களுக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

ஒரு மழைக்காலத்தில் ரியாத்துக்காரி, என்னைச் சேர்த்துவிட்டாளே அவளேதான், குரூப்பில் ஒரு வாய்ஸ் போட்டாள். “அக்கா, எங்க வீட்டுக் கூர காத்துல போயிருச்சாம், தெரிஞ்ச ஆளு ஒருத்தரு சொன்னாரு. நீங்க காட்டுன வீடியோவுல கூரப் பக்கமே காட்டலயே. காட்டுறதெல்லாம் நெசமா?”

அக்கா வாயே திறக்கவில்லை. நாங்கள்தான் திறந்தோம். “நன்றி கெட்டவளே, அக்கா மழையில நனஞ்சுக்கிட்டு ஒங்க வீட்டுக்குப் போறா, நீ கேள்வி கேக்குறியா?” என்று ஒருத்தி. “ஒனக்கு வேணாம்னா போ” என்று இன்னொருத்தி. நானும் ஏதோ காட்டமாகத்தான் போட்டேன். அந்த ஞாயிறு அவளுக்கு வீடியோ போகவில்லை. அடுத்த ஞாயிறும் போகவில்லை. ஒவ்வொருத்தியாகத் தனித்தனியே கெஞ்ச ஆரம்பித்தாள். “அக்காகிட்ட சொல்லுங்கடி, என் புள்ள மூஞ்சியக் காட்டச் சொல்லுங்கடி.” கடைசியில் அக்கா மனமிரங்கினாள். அவளுக்கு வந்த வீடியோவில் கூரை புதுத் தகரத்தில் பளபளவென்று இருந்ததாம். தகரம் வாங்க முன்னால் நின்று ஆள் பிடித்ததே அக்காதானாம். அதற்குப் பிறகு அந்தக் குரூப்பில் ‘நெசமா’ என்று யாரும் கேட்டதில்லை.

“கூர போனத அன்னைக்கே சொல்லியிருந்தா அவ அங்க இருந்துக்கிட்டு என்னா பண்ணப் போறா? சாமானப் போட்டு ஒடச்சு மெடத்துக்கிட்ட அடி வாங்குவா. இப்போ பாரு, கூரையும் வந்துருச்சு, அவளும் அழல.” இது அக்கா பிறகு எங்களுக்குச் சொன்ன நியாயம். மறுத்துப் பேச ஏதாவது இருக்கிறதா?

மேரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேரி எங்கள் எதிர் லயத்துப் பெண். எங்கள் இஸ்தோப்பில் நின்றால் அவர்கள் வாசல் தெரியும். அவளும் குவைத்தில்தான். அவளுடைய மெடம் என் மெடத்தின் அக்கா. வெள்ளிக்கிழமை இரண்டு குடும்பமும் அவர்கள் தாய் வீட்டில் கூடும். பின்பக்கச் சமையலறையில் நானும் மேரியும் மலை மலையாகச் சட்டி கழுவுவோம். அன்றைக்கு மட்டும் போன் எங்கள் கையிலேயே இருக்கும். அம்மா இல்லாமல் வளர்ந்தவள் மேரி, அப்பாவென்றால் உயிர். அக்காவின் வீடியோவில் அவர் இஸ்தோப்பில் உட்கார்ந்து வெற்றிலை இடிப்பதைப் பார்த்துவிட்டு, “அப்பா அப்புடியே இருக்காரு பாரு” என்று அந்த வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

அக்காவின் சட்டத்தை நாங்கள் வேண்டுமென்று மீறவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை கை ஈரமாக இருந்தது என்று இரண்டு போனையும் ஜன்னல் ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, அவரவர் வீடியோவைப் போட்டுவிட்டுச் சட்டி கழுவினோம். இரண்டும் போன ஞாயிறு வந்தவை. என் வீடியோவில் நல்ல மழை. அம்மா இஸ்தோப்பில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவளுக்குப் பின்னால் எதிர் லயமே தெரியாத அளவுக்குச் சாரல். மேரியின் வீடியோவில் வெயில். அவள் அப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெற்றிலை இடித்தார். அக்கா வெயிலைப் பற்றிக்கூட ஏதோ சொன்னாள்.

ஒரே ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீட்டில் மழை, எதிர் வீட்டில் வெயில்.

மேரி குனிந்து அடிப்பிடித்த சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் என் போனை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். குப்பை கொட்டப் போகிற சாக்கில் வெளியே போய் அக்காவைக் கூப்பிட்டேன்.

“அக்கா, மேரி அப்பா எங்க?”

“எங்கயா? வீட்டுலதான்.”

“எங்க வீட்டுல மழ பெய்யுது. அவங்க வீட்டுல வெயில் அடிக்குது.”

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, “ரெண்டு பேரும் ஒண்ணா வச்சுப் பாத்தீங்களா?” என்றாள். அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான். “எத்தன தடவ சொல்லியிருக்கேன். ஒருத்தி வீட்ட ஒருத்தி பாக்காதீங்கனு சொன்னேனா இல்லியா?”

“அக்கா, அவரு எங்க?”

“பொதச்சு மூணு மாசமாச்சு.”

நெஞ்சு வலி வந்து, டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டாராம். மேரிக்குத் தெரிய வேண்டாம் என்று அவள் தம்பிதான் அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதானாம். அக்காவிடம் சொன்னால் எங்கள் தோட்டத்தில் ஒரு விஷயம் வெளியே போகாது, அந்த நம்பிக்கை. இது அவர்கள் மட்டும் செய்வதில்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்குச் சாவை மறைப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம்தான். கண்ட்ராக்ட் முடியாமல் விட மாட்டார்கள், விட்டாலும் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், சம்பளமும் போகும். வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று குடும்பமாகக் கூடி முடிவெடுப்பார்கள். அக்கா அதற்கு மேல் ஒரு காரியம் செய்தாள். பழைய வீடியோக்களை வெட்டி, புதிதாக நடந்துபோய் எடுத்த பாதையோடு சேர்த்து, செத்தவரை ஞாயிறு தோறும் உட்கார வைத்தாள்.

“பாவமில்லையா அக்கா?” என்றேன்.

“நான் ஒருத்திக்கு நெசத்த சொல்லியிருக்கேன் புள்ள,” என்றாள். குரல் தாழ்ந்துவிட்டது. “என் தங்கச்சிக்கு. லெபனான்ல இருந்தா. எங்கம்மா செத்தப்போ நான்தான் போன் பண்ணி சொன்னேன். அம்மா போயிருச்சுடி, அப்புடியே சொன்னேன். அழுதுக்கிட்டே அந்த வீட்ட விட்டு வெளிய ஓடியிருக்கா. பாஸ்போட்டு இல்ல, சல்லி இல்ல, பாஷ தெரியாது. அதுக்கப்பறம் அவ எங்கனு இன்னைக்கி வரைக்கும் எனக்குத் தெரியாது. செத்தாளா இருக்காளானு தெரியாது. ஒரு வார்த்தை சொன்னதுக்கு.”

குப்பைப் பையை அப்படியே கீழே வைத்தேன்.

“மேரிகிட்ட வாயத் தெறக்க மாட்டேனு சத்தியம் பண்ணு.”

பண்ணினேன். பண்ணிவிட்டுக் கேட்டேன்: “எங்கம்மா?”

“ஒங்கம்மாவுக்கு என்னா? நேத்துகூட பீலியில தண்ணி தூக்குனாங்க. ஒனக்கு நான் பொய் சொல்லுவனா?”

அந்த ஞாயிறு வீடியோவில் அம்மா வந்தாள், மழையிலேயே வந்தாள், இருமினாள். எனக்கு உயிர் வந்தது. ஆனால் வெள்ளிக்கிழமைகள் நரகமாகிவிட்டன. மேரி போனை என் முகத்துக்கு நேராக நீட்டுவாள். “பாரு, எளைக்கவே இல்ல, அப்புடியே இருக்காரு.” நான் பார்ப்பேன். நல்லா இருக்காரு என்று சொல்வேன். அக்காவின் முகம் ஏன் அப்படிச் சுருக்கமில்லாமல் இருக்கும் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. சொல்லிப் பழகினால் தன்னால் வருகிறது.

மழைக்காலம் முடிந்தது. எனக்கு வந்த வீடியோக்களில் ஒரு மாற்றம் தெரிந்தது. பஸ்ஸில் இறங்குவேன், கோயிலைக் கும்பிடுவேன், பீலியைத் தாண்டுவேன். இஸ்தோப்பில் அம்மா இருக்க மாட்டாள். “குளிருது, உள்ளார படுத்திருக்காங்க” என்பாள் அக்கா. உள்ளே இருட்டு. போர்வை தெரியும். ஒரு வாரம் கை மட்டும் தெரிந்தது. அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டேன். “அம்மா நல்லா இருக்கு” என்றான். அவன் எப்போதும் சொல்வதுதானே. ஆனால் சொல்லிவிட்டு அவசரமாக வைத்துவிட்டான்.

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வந்த சந்தேகத்தை என்ன செய்வது? சோறு இறங்கவில்லை. பருப்பில் உப்பை இரண்டு தடவை போட்டு மெடத்திடம் அறை வாங்கினேன். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஊருக்குப் போகும் ஒரு பெண்ணிடம் அம்மாவுக்கு ஒரு சேலை கொடுத்தனுப்பினேன். மயில் கழுத்து நிறம், மஞ்சள் கரை. அக்காவிடம் சொன்னேன்: “அம்மா அந்தச் சேலயக் கட்டிக்கிட்டு நிக்கிறதப் பாக்கணும் அக்கா. புதுசு. இதுக்கு முன்னால எடுத்ததுல அது இருக்காது.”

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று அவளுக்கு விளங்காமல் இருக்காது. “செஞ்சுட்டாப் போச்சு” என்றாள்.

ஞாயிறு வந்தது. பாதை, கோயில், பீலி, வாசல், அடுப்படி. அடுப்புப் புகைக்குள் அந்த மயில் கழுத்துச் சேலை நின்றது. முதுகு இந்தப் பக்கம். தலையில் முக்காடு. ரொட்டி தட்டும் சத்தம் கேட்டது. “ஒங்க மக பாக்குதும்மா, திரும்புங்க!” என்று அக்கா கத்தினாள். அந்த முதுகு கூச்சத்தோடு குலுங்கியது. “வெக்கப்படுறாங்க, திரும்ப மாட்டேங்குறாங்க” என்று அக்கா சிரித்தாள். வீடியோ முடிந்தது.

நான் நம்பினேன். சேலை புதிது, அதைக் கட்டிக்கொண்டு ஒருத்தி நிற்கிறாள், அப்புறம் என்ன? அம்மாவுக்கு வெட்கம் உண்டுதான். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். நிம்மதியாகத் தூங்கினேன். மேரியிடமும் காட்டினேன், சட்டத்தை மீறித்தான். மேரி அதைப் பார்த்துவிட்டு, “சேல நல்லா இருக்கு” என்று மட்டும் சொன்னாள்.

அதற்குச் சில வெள்ளிக்கிழமை கழித்துத்தான் மேரி அந்தப் பேச்சை எடுத்தாள். என் கண்ட்ராக்ட் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது, அவளுக்கும் அப்படித்தான்.

“மெடம் இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துக் கேக்குறா. போட்றலாம்னு இருக்கேன்,” என்றாள். “அப்பாவுக்கு ஒரு காம்பரா இழுத்துக் கட்டணும்.”

எனக்குத் தாங்கவில்லை. செத்துப்போன மனுஷனுக்கு அறை கட்ட இரண்டு வருஷம் இன்னொருத்தி வீட்டில் அடி வாங்குவாளா? சத்தியமாவது மண்ணாவது என்று நினைத்தேன். அவள் கையிலிருந்த சட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

“மேரி, அப்பா இல்ல மேரி.”

அவள் சட்டியை என்னிடமிருந்து மெதுவாக இழுத்து, தேய்த்துக்கொண்டே சொன்னாள்: “தெரியும்.”

“என்னா தெரியும்?”

“அப்பா போனது. தம்பிகூட பேசுறப்போ பின்னால சின்னம்மா யார்கிட்டயோ சொன்னது கேட்டுச்சு. அவரு இருந்திருந்தா இப்புடி விடுவாரானு. அன்னைக்கே தெரியும்.”

“பின்ன எதுக்குடி அக்காவுக்குக் காசு அனுப்புற? யாருக்குக் காம்பரா கட்டப் போற?”

“இங்க இருக்குற வரைக்கும் ஞாயித்துக்கெழம அப்பா வருவாரு. அங்க போயி எறங்குனா குழியத்தான் காட்டுவாங்க.” கண்ணில் ஒரு சொட்டு இல்லை. “நீயும் கையெழுத்துப் போட்டுரு புள்ள. போகாத.”

“நான் எதுக்குப் போடணும்? எனக்கு எங்கம்மா இருக்கு.”

மேரி தண்ணீரை நிறுத்தினாள். கையைத் துடைத்துக்கொண்டாள். என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“அக்கா என்கிட்டயும் சத்தியம் வாங்கியிருக்கா. அந்தச் சேலயக் கட்டிக்கிட்டு நின்னது ஒங்க அண்ணி.”

என் கையிலிருந்த பீங்கான் தட்டு கீழே விழுந்து உடைந்தது. உள்ளேயிருந்து மெடம் கத்தினாள். நான் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கினேன். மேரியும் கூட உட்கார்ந்து பொறுக்கினாள். முப்பது பேரில் யார் யாரிடம் யாருக்காகச் சத்தியம் வாங்கி வைத்திருக்கிறாளோ, எத்தனை பேர் வீட்டில் எத்தனை பேர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்களோ என்று நினைத்தபோது எனக்கு அக்காவின் மேல் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. கோபம் பிறகு வந்தது. அவளுக்கு வாயில் வந்ததையெல்லாம் எழுதினேன், அனுப்பாமல் அழித்தேன். அண்ணனைக் கூப்பிட்டேன். நான் ஒன்றும் கேட்பதற்கு முன்னாலேயே அவன் அழுதுவிட்டான்.

எனக்குத் தெரிந்துவிட்டதை மேரி அக்காவிடம் சொல்லியிருப்பாள். அந்த ஞாயிறு மேரிக்கு வீடியோ வந்தது. குரூப்பில் எல்லோரும் தங்களுக்கு வந்ததைப் பற்றிச் சந்தோஷமாகப் பேசிக்கொண்டார்கள். எனக்கு மட்டும் வரவில்லை. போன் என் கையில் இருந்த நேரமெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தேன், மெடம் வந்து பிடுங்கும் வரைக்கும். அடுத்த ஞாயிறும் வரவில்லை. அம்மா செத்தது எந்த மாதம் என்று அண்ணன் சொல்லியிருந்தான். இருந்தாலும் எனக்கு அம்மா செத்தது அந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில்தான்.

மாதம் பிறந்தது. மெடம் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன். சம்பளம் வந்ததும் முதலில் அக்காவுக்கு எடுத்து வைத்து அனுப்பினேன். பிறகு குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு, அவளுக்கு ஒரு வாய்ஸ் போட்டேன்.

“அக்கா, எனக்கு ரெண்டு வாரமா வரல. பழசா இருந்தாலும் பரவால்லக்கா, அனுப்பி விடுங்க.”